கொடியில் பதினாலு கையுறை

முப்பத்தொரு வருஷம் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்குச் சந்தேகப்பட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சரக்கைக் கொண்டுவரும் லாரிக்காரனைச் சந்தேகப்பட வேண்டும். எடுத்துப்போகிற சூப்பர்வைசரைச் சந்தேகப்பட வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் நாம் பூட்டிய பூட்டையே ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றதில் வேலை போயிற்றே தவிர புத்தி போகவில்லை. எங்கள் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு. சங்கத்துக்கு நான்தான் செக்ரட்டரி. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் நான் என்று என் மனைவி சொல்வாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

காய்ச்சல் ஊருக்குள் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைகள் பாதிக்குமேல் மூடிக் கிடந்தன. ரொட்டிப் பொட்டலத்தைக்கூட வாசலில் வைத்துத் துடைத்துத்தான் உள்ளே எடுத்தோம். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் சுவரைத் தாண்டி எண்ணிக்கொண்டிருப்போம், இத்தோடு மூன்று, இத்தோடு நாலு என்று. அந்தச் சமயத்தில் எல்லோருடைய கண்ணும் நாலாவது மாடி நர்ஸம்மா மேல்தான் இருந்தது.

அவர் நர்ஸ் இல்லை. நாலு தெரு தள்ளியிருக்கும் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, டயப்பர் மாற்றுகிற வேலை. “நான் நர்ஸ் இல்லைங்க, பாத்துக்கற ஆளு” என்று அவரும் நூறு தடவை சொல்லியிருப்பார். யார் கேட்டார்கள்? காய்ச்சலுக்கு முன்னால் அவர் எங்கள் எல்லோருக்கும் நர்ஸம்மாதான். என் மனைவி வழுக்கி விழுந்தபோது ஓடி வந்து தூக்கி உட்காரவைத்து, முதுகில் எங்கே கை வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். காய்ச்சல் வந்ததும் அவரைக் கண்டால் ஜனம் படியோரம் ஒதுங்கிற்று. ‘நோயாளிகளுடன் பணிபுரிவோர் லிஃப்டைத் தவிர்க்கவும்’ என்று நான் ஒரு தாள் ஒட்டினேன். பெயர் போடவில்லை. அந்தக் குடியிருப்பில் அப்படி வேறு யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாலு மாடி ஏறினார். பேசாமல் ஏறியதும் எனக்கு உறுத்திற்று. குற்றமில்லாதவர் சண்டைக்கு வந்திருக்க வேண்டாமா என்றுதான் என் மண்டை யோசித்தது.

தினமும் காலை ஆறரைக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போவேன். ஒரு நாள் போனால், கடைசிக் கொடியில் நீல நிறத்தில் கையுறைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அந்தக் கையுறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். எண்ணினேன். கண்ணில் பட்ட எதையும் எண்ணாமல் தாண்டிப் போக எனக்கு வராது. பதினாலு. கிட்டே போய்ப் பார்த்தால் மணிக்கட்டுப் பக்கம் பேனாவால் எண் எழுதியிருந்தது. 11, 11, 12, 12 என்று 17 வரை ஜோடி ஜோடியாக. எனக்கு மூக்கு வேர்த்தது. இது சரக்குக் குறியீடு அல்லாமல் வேறென்ன?

மறுநாளும் பதினாலு. அதற்கு மறுநாளும் பதினாலு. தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நர்ஸம்மா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, குழாயடியில் தண்ணீர் நிரப்பி, வாயைத் திருகிப் பிடித்து, எங்காவது கசிகிறதா என்று தூக்கிப் பார்த்தார். துணியால் ஒற்றி, உள்ளே பவுடர் தூவி, எண்வாரியாகப் பையில் அடுக்கினார். விற்பனைக்குப் போகும் சரக்கை இப்படித்தான் சோதிப்பார்கள். பழைய கையுறையைக் கழுவிப் பவுடர் போட்டுப் புதுசென்று விற்கிறார்கள் என்று அந்த வாரம்தான் ஃபோனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு சின்ன நோட்டு போட்டேன். தேதி, எண்ணிக்கை, சேதாரம். சேதாரத்தைக் குறிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் மாடி டியூஷன் டீச்சரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் ஆறு படி மேலே, நான் ஆறு படி கீழே.

“நான் அப்பவே நெனச்சேன் சார்” என்றார். “தெனமும் ஒரு பெரிய பை எடுத்துட்டுப் போறாங்க, எடுத்துட்டு வர்றாங்க. ஊரே முடங்கிக் கெடக்கு, அவங்க மட்டும் ஒரு நாள் லீவு போடல. சும்மா போவாங்களா?”

“அவசரப்படக் கூடாது டீச்சர். கையும் களவுமா இருக்கணும்.”

“நீங்க எண்ணிக்கிட்டே இருங்க. அதுக்குள்ள நாம எல்லாரும் போய்ச் சேர்ந்துடுவோம்.”

என் மனைவி மட்டும் நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். “அடுத்தவங்க துணிக்கொடிய நோட்டம் விடறதுக்கு ஒரு நோட்டா? நேராப் போய் என்னம்மா இதுன்னு கேட்டாத்தான் என்ன, வாயில கொழுக்கட்டையா இருக்கு?”

“கேட்டா உஷாராயிடுவாங்க.”

“ஆமா, இவரு பெரிய துப்பறியறவரு” என்று கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

இருபத்துமூன்று நாள் எண்ணினேன். இருபத்துநாலாம் நாள் கூட்டிப் பார்த்து முந்நூற்று இருபத்திரண்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அப்புறம் இல்லத்து மேனேஜருக்கு ஒரு கடிதம். ‘தங்கள் இல்லத்திலிருந்து இதுவரை 322 கையுறைகள் வெளியே கொண்டுவரப்பட்டு, எங்கள் மொட்டைமாடியில் கழுவி உலர்த்தப்பட்டு, எங்கோ அனுப்பப்படுகின்றன.’ செக்ரட்டரி முத்திரை போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் நர்ஸம்மா வேலைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். இல்லத்தில் ஏற்கெனவே ஆறு பேருக்குக் காய்ச்சல் கண்டிருந்ததாம். யார் கொண்டுவந்தது என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. திருட்டும் இவர்தான், காய்ச்சலும் இவர்தான் என்று ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். விசாரணை முடியும் வரை கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் மாடிப்படி ஒரு குழாய் மாதிரி. நாலாவது மாடியில் பேசினால் இரண்டாவது மாடியில் கேட்கும். அன்று சாயங்காலம் நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அவர் சலூன் வைத்திருக்கிறவர். கடை பூட்டி இரண்டு மாதமாக வீட்டில் இருந்தார். ஊருக்கே பேச்சுக் கொடுத்து முடிவெட்டுகிற மனுஷர், பேச ஆளில்லாமல் இளைத்துப் போயிருந்தார்.

“எங்கிட்டயாவது சொல்லு. எடுத்தியா, எடுக்கலையா?”

“நீங்களும் கேக்கறீங்களா?”

“கேக்காம? ரெண்டு மாசமா தனி ரூம், தனித் தட்டு. அந்தப் பையத் தொட விட மாட்டேங்கற. உள்ள என்னன்னு கேட்டா, தொடாதீங்கன்னு ஒரே பதில். வெளிய நாலு பேர் நாலு விதமாப் பேசறான். நான் என்னன்னு நெனைக்கறது?”

“தொட்டா உங்களுக்கு வந்துடும்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல.”

“அத அப்பவே விளக்கமாச் சொல்லலாம்ல?”

“பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு, நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிட்டு நிப்பேன். அப்ப எங்கேந்துங்க விளக்கறது?”

நாலு மாடி என்ற வார்த்தை கேட்டதும் நான் கதவை மெல்லச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலை சலூன்காரர் என் வாசலில் வந்து நின்றார். முகக்கவசம் மோவாயில் தொங்கியது. நான் கம்பிக்கதவுக்கு உள்ளே இருந்தேன்.

“சார், லெட்டர் போட்டது நீங்கதான்னு மேனேஜர் ஃபோன்ல சொல்லிட்டாரு. நான் சண்டைக்கு வரல. எனக்கு ஒண்ணு தெரியணும். என் வீட்டுக்காரி திருடியா, இல்லையா? உங்ககிட்ட ஏதோ நோட்டு இருக்காமே, அதக் காட்டுங்க. இருந்தா இருக்குன்னு தெரிஞ்சுக்கறேன்.”

பரிதாபமாக இருந்தது. சொந்தப் பெண்டாட்டியை நம்பலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார். நோட்டைக் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தேன். அவர் படியில் உட்கார்ந்து, கண்ணாடி போடாமல், நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். பக்கத்தைப் புரட்டுவார், பின்னால் போவார், திரும்ப முன்னால் வருவார்.

“சார், இது என்ன? ஆறாம் நாள், பதிமூணாம் நம்பர், இடது கட்டைவிரல், பிளாஸ்திரி.”

“சேதாரம். கிழிஞ்ச எடத்துல பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. குறிச்சு வச்சேன்.”

“ஏழாம் நாளும் பதிமூணு, இடது கட்டைவிரல், பிளாஸ்திரி. எட்டாம் நாளும் அதேதான்.”

“ம்.”

“பதினொண்ணாம் நாள் பதிமூணோட பதினாறும் சேந்துக்குது. சுண்டுவிரல். பத்தொம்பதாம் நாள் நாலு கிளவுஸ்ல பிளாஸ்திரி. கடைசி நாள் வரைக்கும் அந்த நாலும் அப்படியே இருக்கு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஏன் சார், திருடறவ தெனமும் அதே கட்டைவிரல் கிழிஞ்சதாப் பாத்தா திருடுவா?”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. நான் எழுதிய சேதாரம். தினமும் எழுதியிருக்கிறேன், ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. கிடங்கில் ஒவ்வொரு நாளும் வருவது புதுச் சரக்கு. கண்ணில் பட்டதை வரவில் போட்டே பழகிய மண்டை, கொடியில் தொங்கிய அதே பதினாலை இருபத்துமூன்று தடவை வரவு வைத்துவிட்டது. முந்நூற்று இருபத்திரண்டெல்லாம் கிடையாது. பதினாலேதான். புதிதாகச் சேர்ந்த பயல்கூடச் செய்யமாட்டான் இந்தத் தப்பை.

“மாடிக்கு வாங்க” என்றார் சலூன்காரர். “அவகிட்டயே கேளுங்க. எனக்கும் கேக்கணும்.”

நாலாவது மாடியில் நர்ஸம்மா கதவைத் திறந்துவிட்டு, அடுப்படி வரை பின்னால் போய் நின்றுகொண்டார். நாங்கள் வாசலுக்கு வெளியே. இடையில் ஒரு முழுக் கூடம். கூடத்தில் தினமும் துடைத்துத் துடைத்து வெளுத்துப் போன தரை. சுவரோரம் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

“அந்த நம்பரெல்லாம் என்னம்மா?” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“கட்டில் நம்பர் சார். என் பொறுப்புல ஏழு பேரு. பதினொண்ணுலேந்து பதினேழு வரைக்கும். ஒருத்தரத் தொட்ட கையால இன்னொருத்தரத் தொடக் கூடாதுல்ல? காய்ச்சல் ஆரம்பிச்சப்ப ஆளுக்கு பதினாலு கிளவுஸ் குடுத்தாங்க. அதோட சரி. கேட்டா, இருக்கறத வச்சு ஓட்டுங்கன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்? ஒருத்தருக்கு ஒரு ஜோடின்னு நம்பர் போட்டுட்டேன். பதிமூணோடது பதிமூணுக்கு மட்டும். அங்க தண்ணி அவ்வளவு விட மாட்டாங்க, அதான் இங்க கொண்டாந்து கழுவறேன்.”

“தினமும் புதுசு வாங்கினதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே. மேனேஜர் ஃபோன்ல சொன்னார்.”

“போட்டேன். போட்டாத்தான் கேட்டத் தாண்டி உள்ள விடுவாங்க. எல்லாருந்தான் போட்டோம்.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

நர்ஸம்மா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “யார்கிட்ட சார்? மேனேஜர்கிட்டயா? இல்ல, லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டின சங்கத்துக்கிட்டயா? நீங்க தொட்டிக்குப் பின்னாடி நிக்கறது எனக்குத் தெரியும். உங்க செருப்பு வெளிய தெரியும். பெரியவரு, ஏதோ தனியா நின்னு மூச்சுப்பயிற்சி பண்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சலூன்காரர் சிரித்துவிட்டார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உடனே அவர் முகம் மாறிற்று. தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும் தப்பா நெனச்சுட்டேம்மா” என்றார்.

“பரவால்ல விடுங்க.” அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். “எனக்கு இப்ப பதினஞ்சாம் கட்டில் அம்மாவ நெனச்சாத்தான் பகீர்ங்குது. யாரு ஊட்டினாலும் வாயத் தொறக்க மாட்டாங்க. அடம்னு நெனச்சுடுவாங்க. அடம் இல்ல. ஸ்பூன் பக்கத்துல வர்றது அவங்களுக்குத் தெரியாது. மோவாய்க்குக் கீழ ரெண்டு வெரலால மெதுவாத் தடவிக் குடுத்து, ம்ம்னு ஒரு சத்தம் குடுக்கணும். அப்பத் தொறப்பாங்க. ஒரு வாய்க்கு ஒரு தடவ. ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். கூட வேலை பாக்கற பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்பினேன். அவளுக்கும் இப்ப காய்ச்சலாம். மூணு நாளாச்சு. என்ன பண்றாங்களோ.”

மறுநாள் காலை பத்து மணிக்கு இல்லத்தின் முன்வாசலில் விசாரணை. சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். நாற்காலிகளை ஆறடிக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பார், முகக்கவசத்துக்கு மேலே கண் அப்படி இடுங்கிற்று. அவருக்கு நான்தானே முதல் சாட்சி. கூட வேலை பார்க்கும் நாலைந்து பெண்கள் சுவரோரம் தலைகுனிந்து நின்றார்கள். நர்ஸம்மாவைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

“முந்நூத்தி இருபத்திரண்டு கிளவுஸ்னு எழுதியிருக்கீங்க” என்றார் அதிகாரியம்மா.

“தப்பும்மா. பதினாலு.”

மேனேஜர் திரும்பினார். “என்ன சார், நேத்து வரைக்கும் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? அவங்க வீட்டுக்காரரோட வந்து எறங்கும்போதே நெனச்சேன். நல்லாப் பேசி வச்சிருக்காங்க போல.”

இந்த வயசில் என்னைப் பார்த்து ஒருத்தன் அப்படிக் கேட்டுவிட்டான். காது சுட்டது. சந்தேகப்பட்டே வாழ்ந்தவன், சந்தேகத்துக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நோட்டை அதிகாரியம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அவர் நிதானமாகப் படித்தார். “அடுத்த வீட்டுக் கொடிய இருபத்துமூணு நாள் எதுக்குச் சார் எண்ணுனீங்க?”

“பழக்கம்மா.”

“நல்ல பழக்கம்” என்றார். சுவரோரம் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது. “இந்தச் சேதாரம் நாளாக ஆகக் கூடுது. ஒரு நாளும் கொறையல. ஒரே பதினாலு உருப்படிதான்னு சொல்றீங்க.”

“ஆமாம்மா. கூட்டினது என் முட்டாள்தனம். எழுதி வச்சது நெஜம்.”

அவர் சுவரோரம் பார்த்து, “உங்களுக்குத் தினமும் புது கிளவுஸ் தர்றாங்களா?” என்று கேட்டார். தரையில் ஏதோ விழுந்து கிடப்பது மாதிரி எல்லோரும் அங்கேயே பார்த்தார்கள். பயம் இருக்காதா? கேட்டுக்கு வெளியே ஒருத்தியை நிறுத்தி வைத்திருப்பது கண்ணுக்கு எதிரே தெரிகிறதே.

“பதினொண்ணுலேந்து பதினேழு வரைக்கும், எத்தன பேருக்குக் காய்ச்சல்?”

மேனேஜர் தாளைப் புரட்டினார். இரண்டு தடவை புரட்டினார். “அந்த ஏழுல… இதுவரைக்கும் யாருக்கும் இல்ல மேடம்.”

“அப்ப அவங்க எங்கேந்து கொண்டுவந்து யாருக்குக் குடுத்தாங்க? ஸ்டோரத் திறங்க.”

ஸ்டோர் என்றதும் என் கால் தானாக நடந்தது. யாரும் தடுக்கவில்லை. ஒரு சின்ன அறை. கையுறைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன, ஒட்டு பிரிக்காமல். மேல் வரிசையில் விரல் வைத்தால் தூசியில் பள்ளம் விழுந்தது. தினமும் எடுத்துக் கொடுக்கிற சரக்கில் இப்படித் தூசி படியாது என்று அதிகாரியம்மாவிடம் சொன்னேன்.

மேனேஜர் சுவரில் சாய்ந்துவிட்டார். “திருடறதுக்கு வைக்கல மேடம். சத்தியமா ஒண்ணுகூட வெளிய விக்கல. எப்ப தீரும், அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. இன்னும் மோசமாச்சுன்னா எடுக்கலாம்னு வச்சேன்.”

“இன்னும் எவ்வளவு மோசமாகணும்?” என்றார் அதிகாரியம்மா.

அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்த கோபம். ஏனென்றால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அலமாரி நிறைந்திருந்தால் ஸ்டோர்கீப்பருக்கு நிம்மதி. யாராவது எடுக்க வந்தால் எதிரி வந்த மாதிரி இருக்கும். நானும் எத்தனை பேரை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெட்டிகளை அன்றே பிரித்துக் கொடுக்க உத்தரவாயிற்று. நர்ஸம்மா மறுநாள் காலையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்கள். இன்றைக்கே போகிறேன், பதினஞ்சாம் கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்சினார். தாள் இன்னும் கையெழுத்தாகவில்லை, முறைப்படி நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரியம்மாவின் கார் அதற்குள் கிளம்பிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் போனார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு என் வாசல் மணி அடித்தது. நர்ஸம்மா. நாலு படி கீழே நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் திரும்பி வந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

“பதினஞ்சாம் கட்டில் அம்மா போயிட்டாங்க சார்.”

என் மனைவி உள்ளேயிருந்து வந்து என் பின்னால் நின்றாள்.

“காய்ச்சலாம்மா?”

“காய்ச்சல் இல்ல. நான் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. நாலு நாளா சரியா ஒண்ணும் உள்ள போகல. ஊட்டிப் பாத்திருக்காங்க, வாயத் தொறக்கல. சாப்பிட மறுக்கிறார்னு சீட்டுல எழுதிட்டுக் கிண்ணத்த எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஷிஃப்டுல இருக்கற ரெண்டு பேரு இருபத்தெட்டுப் பேரப் பாக்கணும், அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் எங்க போவாங்க?” படிக் கைப்பிடியைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையை மடக்கிக்கொண்டார். “குளிப்பாட்டி அனுப்பிட்டு வந்தேன். அவங்க பையன் வெளிநாட்டுல இருக்காரு. ஃபோன்ல பாத்தாரு.”

எனக்கு அழுகை வந்தது. நாலு நாள். முத்திரை குத்தி நான் வாங்கிக் கொடுத்த நாலு நாள். “நான் என்ன பண்ணட்டும்மா? எந்த முகத்த வச்சுக்கிட்டு உங்ககிட்ட…”

“அதெல்லாம் வேணாம் சார். மன்னிப்பு கேட்டா நான் ஏதாவது பதில் சொல்லணும். எனக்கு இப்ப தெம்பு இல்ல.” மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார். “உங்களுக்கு லெட்டர் எழுத வருது. நீங்க எழுதினா ஆபீஸ்ல படிக்கறாங்க, படிச்சுட்டு நடவடிக்கையும் எடுக்கறாங்க. நாங்க ஏழெட்டுப் பேரு ரெண்டு மாசமா வாயால சொன்னதுக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எங்க இல்லம் மட்டும் இல்ல. எனக்குத் தெரிஞ்சே இன்னும் மூணு இல்லத்துல இதே கதைதான். கிளவுஸ் இல்ல, ஆள் இல்ல, காய்ச்சல்னு சொன்னா வேலை போயிடும்னு மறைச்சுக்கிட்டு வர்றாங்க. அத எழுதுங்க. பெரிய ஆபீசுக்கு எழுதுங்க. அவங்கல்லாம் வந்து சொல்லுவாங்க, நான் கூட்டிட்டு வர்றேன். இப்பவே எழுதுங்க, நான் இங்க நிக்கறேன்.”

என் மனைவி முக்காலியை வெளியே கொண்டுவந்து, இரண்டு படி இடைவெளி விட்டு நர்ஸம்மாவுக்குப் போட்டாள். வீட்டுக்குள் வரச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர் உட்காரவில்லை. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதிவிட்டு, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“ஐயா, மேற்படி இல்லத்தின் ஊழியர் ஒருவர்மீது நான் அளித்த புகார் முற்றிலும் தவறானது என்பதையும், அதற்காக நான் மிகவும் வருந்துகிறேன் என்பதையும் முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்…”

“சார்” என்றார் நர்ஸம்மா. “நீங்க வருந்தறத அப்புறம் எழுதிக்கலாம். முதல்ல அவங்க சாப்பிடாமச் செத்தத எழுதுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.